நிற்கத் தெரிந்தவளை உட்கார வைத்தேன்

கதிர், நீ அனுப்பிய நோட்டீஸ் நேற்று வந்தது. தமிழை மட்டும் சரிபார்த்துத் தரச் சொல்லியிருந்தாய், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றும் எழுதியிருந்தாய். தமிழில் பெரிய குறை ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கால் இழந்த ஓட்டக்காரர்களுக்கு நிதி திரட்டும் பொறுப்பை உன் அலுவலகம் உன்னை நம்பித் தந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு என்னால் பேனாவை எடுக்க முடியவில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கிற பெண் என்று எழுதியிருக்கிறாய். படத்தில் அவள் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் அந்தக் காலத்தில் ஊனமுற்றோர் என்று எழுதுவோம், நீ மாற்றுத்திறனாளி என்று எழுதியிருக்கிறாய். சொல் மாறியிருக்கிறது, படம் மாறவில்லை. இப்படி ஒரு படத்தை நானும் ஒரு காலத்தில் எடுக்க வைத்தேன். உன் அப்பாவுக்குக்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நான் பி.ஏ. முடித்துவிட்டுச் சேலையூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். உன் தாத்தா செம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருந்த கொஞ்சம் நிலத்தில் கீரை போட்டுத் தாம்பரம் மார்க்கெட்டில் விற்றுக்கொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரியும். நான் அப்போது யாரிடமும் வாய் திறந்து பேசமாட்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது இறங்கித் திரும்பி நடந்து வருவேன். பேசாததாலோ என்னவோ, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். யார் எதைப் பார்க்கிறார்கள், பார்த்ததும் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் எனக்குச் சட்டென்று பிடிபடும். அதுதான் என்னிடம் இருந்த ஒரே சாமர்த்தியம், அதை வைத்துத்தான் தப்பும் செய்தேன்.

அந்தப் பள்ளியின் கணக்கு வாத்தியார் டேனியல் சார், ஊனமுற்ற விளையாட்டுக்காரர்களுக்காகச் சின்னதாக ஒரு சங்கம் நடத்தினார். தினமும் பள்ளி விட்ட பிறகு எங்கள் மைதானத்தில்தான் பயிற்சி. மொத்தம் ஆறு பேர். அதில் ஒரே பெண் கஸ்தூரி. ஊர் பள்ளிக்கரணை. இடது காலில் போலியோ. இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த காலிப்பரைக் காலில் கட்டிக்கொண்டு, கையில் கோல்கூட இல்லாமல் விந்தி விந்தி நடப்பாள். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பட்டன் தைக்கிற வேலை. நின்றபடி குண்டு எறிவாள். நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோரம் வைத்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி அவள் தள்ளுவதைப் பார்க்க, பந்தாடுகிற பையன்கள் ஆட்டத்தை நிறுத்துவார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒருநாள் ஜன்னலைத் தட்டி, “அக்கா, உள்ளயே ஒக்காந்துகினு பாத்தா இன்னா தெரியும்? வெளிய வா, டேப்பு புடி” என்றாள். அன்றிலிருந்து தூரம் அளப்பது என் வேலையானது. பிறகு சங்கத்துக் கடிதங்கள் எழுதுவதும் என் வேலையானது.

அந்த வருடம் வடக்கே நடந்த தேசியப் போட்டிக்கு ஆறு பேருமே தகுதி பெற்றிருந்தார்கள். ரயில் செலவுக்குப் பணம் வேண்டும். கஸ்தூரிக்கு எடை குறைந்த காலிப்பர் ஒன்றும் வேண்டும், பழையதில் பட்டை அறுந்து அறுந்து தைத்திருந்தாள். டேனியல் சார் என்னை நோட்டீஸ் எழுதச் சொன்னார். நான் எழுதியதுதான் என் வாழ்க்கையில் முதலில் அச்சான எழுத்து. கஸ்தூரி குண்டோடு நிற்கிற படம் போட்டு, அவள் எறிந்த தூரத்தைப் போட்டு, நேராக எழுதியிருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் இரண்டு வாரம் கொடுத்தோம். ஒன்றும் பெயரவில்லை. வாங்கியவர்களின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் கண்ணும் முதலில் அவள் காலைத் தேடும், பிறகு நோட்டீஸை மடிக்கும். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “நல்லாத்தானே நிக்குது, அப்புறம் எதுக்குக் காசு?” என்றார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

டேனியல் சாரிடம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை கஸ்தூரியை மட்டும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமில் ஒரு சக்கர நாற்காலியை அரைமணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பஸ் கண்டக்டரிடம் வாய் திறக்காதவள், அதைக் கேட்க மட்டும் எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. கஸ்தூரி நாற்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

“இது யாருக்கு?”

“உனக்குத்தான். போட்டோவுக்கு மட்டும்.”

“நான்தான் நின்னுகினு கீறேனே அக்கா.”

“நிக்கற படத்துக்கு யாரும் குடுக்கல கஸ்தூரி. நீயே பாத்தியே.”

“நீ படிச்சவ. உனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். குண்டை மடியில் வைக்கச் சொன்னேன். சிரிக்காமல் கொஞ்சம் கீழே பார்க்கச் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன். படத்துக்குக் கீழே, “எழுந்து நிற்க ஒரு கை கொடுங்கள்” என்று எழுதினேன்.

பணம் வந்தது. ஸ்டேஷனில் வந்தது, சர்ச்சில் வந்தது, கடைவீதியில் வந்தது. டேனியல் சார் படத்தைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். ஸ்டூடியோக்காரர் செய்த வேலை என்று அவராகவே நினைத்துக்கொண்டார். “சரி, அச்சாயிடுச்சு, விடும்மா” என்றார். நான் மறுக்கவில்லை. படிக்கத் தெரியாத உன் தாத்தா அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கீரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். “எம் பொண்ணு எழுதுனது. அச்சுல வந்துருக்கு பாருங்க.” அச்சில் வந்தது பொய்யாக இருக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் ஆள் அனுப்பினார். தாம்பரத்தில் மூன்று மாடிக் கடை அவருடையது. படத்தைப் பார்த்து மனம் உருகிவிட்டதாகவும், கல்யாண மண்டபம் ஒன்றைத் தன் செலவில் எடுத்து நிதியளிப்பு விழா நடத்துவதாகவும் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் வருவார்கள், மேடையில் ஆளுக்கு ஒரு தொகை அறிவிப்பார்கள், அதில் ரயில் செலவு மொத்தமும் வந்துவிடும். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் அவர் தன் பங்காக என்ன கொடுக்கப்போகிறார் என்பது தெரிந்தது. புத்தம்புது சக்கர நாற்காலி. முதுகுச் சாய்மானத்தில் கடையின் பெயர் சிவப்பு எழுத்தில். கஸ்தூரியை அதில் உட்கார வைத்து மேடையில் நாலு பேர் தூக்கி வைப்பதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது.

டேனியல் சார் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். “ஒரே ஒரு சாயங்காலம்மா” என்றார் சார். “நீ நடந்து போனீன்னா குடுத்தவங்க அத்தனை பேரும் நம்மள ஏமாத்துக்காரங்கன்னு சொல்லுவாங்க. மத்த அஞ்சு பேரும் போக முடியாது.”

“எனக்கு அந்தச் சேரே வாணாம் சார். அத வெச்சிகினு நான் இன்னா பண்றது? எங்க தெருவுல அது போவவே போவாது. சேறு.”

“தெரியும்மா. வாங்கிட்டு யாருக்காவது குடுத்துடலாம்.”

“பட்டைதான் சார் எனக்கு வோணும். பட்டை அறுந்து கீது.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீ இன்னாக்கா சொல்றே?” என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, “சரி சார், ஒக்கார்றேன்” என்றாள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. உன் தாத்தா வெள்ளை வேட்டி கட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரவேற்புரையை வாசிக்கச் சொல்லி எனக்கு மேடையின் ஓரத்தில் தனியாக ஒரு மைக் கொடுத்திருந்தார்கள். வாசித்து முடித்துவிட்டு அங்கேயே நின்றேன். நாற்காலியைத் தூக்கி வைத்தார்கள். முதலாளி மாலை போட்டார். போட்டோக்காரர் நாற்காலியின் முதுகு தெரிகிற மாதிரி அதைத் திருப்பச் சொன்னார். ஒருவர் தொகை அறிவித்தார், இரண்டாமவர் அறிவித்தார். கஸ்தூரி நான் ஸ்டூடியோவில் சொல்லிக்கொடுத்தபடியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து நடுவழியில் ஓடிவந்தாள். கஸ்தூரியோடு தினமும் ஒரே பஸ்ஸில் வருகிற மீன்காரம்மா. கஸ்தூரியே விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். “ஐயய்யோ, இன்னாம்மா ஆச்சு உனக்கு? காலைலகூட என்னை இட்ச்சிகினு ஏறி சீட்டு புட்ச்சியே. அதுக்குள்ள தூக்கிகினு வர்ற மாதிரி ஆயிட்ச்சா?” அந்த அம்மாள் உண்மையில் அழுதுகொண்டிருந்தாள். மண்டபத்தில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

முதலாளி மைக்கைப் பிடித்தார். “நீ நடப்பியாம்மா?”

“நடப்பேன் சார்.”

“அப்போ இந்தப் படம்? யார் இப்படி உக்காரச் சொன்னது?”

கஸ்தூரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் எனக்கும் நாலு அடிதான் இருக்கும். என் முன்னால் மைக் இருந்தது, அது வேலையும் செய்துகொண்டிருந்தது, என் மூச்சு அதில் கேட்டது. நான்தான் சொன்னேன் என்று ஒரு வரி போதும். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன், கையில் இருந்த தாளைப் பார்த்தேன், வாசித்து முடித்துவிட்ட வரவேற்புரையை மறுபடி முதலிலிருந்து மனதுக்குள் வாசிக்கத் தொடங்கினேன். அவள் காத்திருந்தாள் கதிர். நான் தலை நிமிரவேயில்லை. பிறகு அவள், “தப்புதான் சார்” என்றாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, மேடைப் படியில் ஒவ்வொரு படியாகக் காலிப்பர் இடிக்க இறங்கி, நடுவழியில் அந்த மீன்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அதன் பிறகு யாரும் தொகை அறிவிக்கவில்லை.

மறுவாரம் சங்கத்தின் செயற்குழு கூடியது. ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர், “அந்தப் பொண்ணுதான் சார் வந்து உக்காந்துச்சு, நான் படம் மட்டும்தான் எடுத்தேன்” என்றார். அதில் பொய் இல்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய் பேசாத பெண் இதையெல்லாம் செய்வாள் என்று யாருக்கும் தோன்றாது. கொடுத்தவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும், மற்ற ஐந்து பேராவது போக வேண்டும் என்று பேசி, கஸ்தூரியின் பெயரை இந்த வருடம் நீக்குவதாக முடிவு செய்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

கஸ்தூரி மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. யாரும் டேப் பிடிக்காமல் தனியாக எறிந்துவிட்டு, தானே விந்தி நடந்து போய்க் குண்டை எடுத்து வருவாள். ஜன்னலைத் தட்டுவதில்லை. என்னைப் பற்றி யாரிடமும் அவள் சொல்லவும் இல்லை. தினமும் காலையில் இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்துக் கிளம்புவேன். டேனியல் சார் அலுவலகத்துக்குள் வரும்போது ஏதாவது ஒரு பதிவேட்டைத் திறந்துகொள்வேன். விழா முடிந்து பதினோராவது நாள், மதிய இடைவேளையில், அவர் டிபன் டப்பாவைத் திறக்கும்போது சொன்னேன். நாற்காலியை நான்தான் வாங்கினேன், நான்தான் உட்கார வைத்தேன், அவள் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவர் டப்பாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். “நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார். போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் முந்தின நாளோடு முடிந்திருந்தது. அவர் உடனே தபால் ஆபீஸுக்குப் போய் ட்ரங்க் கால் போட்டார், தந்தியும் கொடுத்தார். பெயர் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போய் கஸ்தூரியிடம் நானே சொன்னேன். குண்டின் மேல் ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். “நீயே சொல்லுவேன்னுதான் நான் வாயத் தொறக்கல” என்றாள். “பத்து நாளா பாத்துகினு இருந்தேன்.” திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளியிடமும் போனேன். முதல்முறை சேலைகளுக்கு நடுவில் கால்மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை கல்லாவுக்கு எதிரே நின்று சொன்னேன். அவர் பில் போடுவதை நிறுத்தவில்லை. “எனக்கு அப்பவே தெரியும்மா” என்றார். “போட்டோல அந்தப் பொண்ணு ஷூவைப் பாத்தேன், அடி தேஞ்சிருந்துச்சு. உக்காந்தே இருக்கறவங்களுக்கு எங்க தேயும்? கடைக்கு வர்றவங்க செருப்பைப் பாத்துத்தான் எந்த மாடிக்கு அனுப்பணும்னு நான் முடிவு பண்றேன்.”

“அப்புறம் ஏன் சார் நாற்காலி வாங்கினீங்க? காலிப்பர் வாங்கிக் குடுத்திருக்கலாமே.”

“காலிப்பர்ல பேரை எங்கம்மா எழுதறது?” அவர் கேலி செய்யவில்லை, வியாபாரமாகத்தான் சொன்னார். மேடையில் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். “எல்லாரும் சிரிச்சாங்க. ஏமாந்தவன் மாதிரி நான் நிக்க முடியுமா?” என்றார்.

அவரை ஏமாற்றியது தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்தப் பயத்துக்கே ஆதாரம் இல்லை என்று படியிறங்கும்போதுதான் புரிந்தது. உன் தாத்தாவிடமும் அன்று இரவே சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு நான் எழுதி அச்சான எதையும் அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அது என் மனதில் இன்னும் இருக்கிறது.

அடுத்த வருட நோட்டீஸை எப்படி எழுதுவது என்று டேனியல் சார் கஸ்தூரியையே கேட்கச் சொன்னார். “நிக்கறேன், எறியறேன், ரயிலுக்குக் காசு இல்ல. இவ்ளோதானே? இத எழுது” என்றாள். அப்படியே எழுதினேன். அடியில் என் பெயரைப் போட்டு, போன வருடப் படத்தில் அவளை உட்கார வைத்தது நான்தான் என்றும் இரண்டு வரி சேர்த்தேன். நடைமேடையில் நானே நின்று கொடுத்தேன். சிலர் என் முகத்துக்கு நேராகவே கிழித்துப் போட்டார்கள். “இந்த வருஷம் இன்னா, கட்டில்ல படுக்க வெச்சி எடுக்கலியா?” என்று கேட்டார் ஒருவர். முன்பு இரண்டு மாதத்தில் வந்த பணம் வந்து சேர எட்டு மாதம் ஆனது. ஆனால் கொடுத்தவர்கள் அவள் எவ்வளவு தூரம் எறிவாள் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் குறைவுதான். அவர்கள் கிடைக்கும்வரை நிற்கத்தான் வேண்டும் கதிர், வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது நம்மைக் கேள்வி கேட்க விடாது. நீ எழுதியிருக்கும் அந்தப் பெண்ணிடம் வெள்ளிக்கிழமைக்குள் பேசு. காலைக் கழற்றி வைத்து உட்கார்ந்தது அவள் விருப்பமா, யாராவது சொன்னார்களா என்று கேள். “நீங்க சொன்னா சரி” என்று அவள் சொன்னால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே, மறுபடியும் கேள். அவளே ஒரு படம் தந்தால் அதைப் போடு, பணம் குறைவாக வந்தாலும் போடு. அதற்குப் பிறகும் ஏதாவது தப்பாகிப் போனால், தப்பு உன்னுடையது என்றால், அன்றைக்கே சொல்லிவிடு. உன் சுபாவம் எனக்குத் தெரியும், நீயும் என்னைப் போலத்தான், மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவாய். மறுநாளுக்குள் யாருடைய கடைசி நாள் முடிந்துபோகும் என்று நமக்குத் தெரியாது.

அந்த அடுத்த வருடப் போட்டிக்கு அவர்கள் கிளம்பிய நாளன்று நான் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இங்கிருந்து மின்சார ரயில், அப்புறம் சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும். வழியனுப்ப என்னை யாரும் கூப்பிடவில்லை. கஸ்தூரி அந்த ஒரு வருடமும் என்னிடம் நோட்டீஸைப் பற்றித் தவிர வேறு பேசவில்லை. அதனால் நான் நடைமேடைக்கு இறங்காமல், மேம்பாலத்தின் மேலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு பேரும் பைகளோடு கீழே நின்றார்கள். கஸ்தூரியின் காலில் புது காலிப்பர், பட்டை பளபளவென்று இருந்தது. ரயில் வருகிற சத்தம் கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நகர்ந்துவிட நினைத்தேன்.

“இன்னாக்கா, மேல நின்னுகினு வேடிக்கை பாக்கறே?” நடைமேடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “குண்டு பைய யாரு தூக்குவா? எறங்கி வா.”

நான் ஓடி இறங்கினேன். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன், ரயிலுக்குள் கூட்டத்தில் இடம் இல்லை, சென்ட்ரல்வரை அவள் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன். அவளும் உட்காரவில்லை.

அம்மா